பழைய ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர் கிளப்பில் புதியவர் எப்போது சேரலாம்?

கேள்வி: 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். இந்த வண்டி வைத்திருப்பவர்களின் கிளப்பில் சேர ஆசை. ஆனால் அங்கே இருப்பவர்கள் எல்லோரும் பல்லாண்டு அனுபவம் உள்ளவர்கள். எனக்கு மெக்கானிக் வேலை எதுவும் தெரியாது, வண்டியும் நல்ல நிலையில் இல்லை. முதலில் வண்டியைச் சரிசெய்து, கொஞ்சம் கற்றுக்கொண்ட பிறகு சேர்வது நல்லதா?

பதில்:

வண்டி சரியாகும் வரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே சேருங்கள். இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், உங்களைப் போலவே நினைத்து நான் எட்டு மாதங்களை வீணாக்கியிருக்கிறேன் என்பதுதான்.

என்னிடம் இருப்பது 1966ஆம் ஆண்டு எம்ஜிபி. வாங்கிய சில வாரங்களிலேயே, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று நின்றுவிடும். கால்மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடும். நான் முதலில் பிளக்குகளை மாற்றினேன், பிறகு காயிலை மாற்றினேன், அதன் பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பாயிண்டையும் மாற்றினேன். கடைசியாக இரண்டு எஸ்யு கார்புரேட்டர்களையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். திரும்பப் பூட்டியபோது அவை இரண்டுக்கும் இடையில் இருந்த ஒத்திசைவு போய், நன்றாக ஓடிய நேரத்திலும் வண்டி குலுங்கத் தொடங்கியது. இத்தனைக்குப் பிறகுதான், வேறு வழியில்லாமல் கிளப் கூட்டம் ஒன்றுக்குப் போனேன்.

கூட்டம் முடிந்து கிளம்பும் நேரத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வண்டி கிளம்ப மறுத்தது. எழுபது வயதைக் கடந்த உறுப்பினர் ஒருவர் அருகில் வந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அவர் அதைக் கேட்கவே இல்லை. "செல்ஃப் அடிக்க வேண்டாம், தம்பி. சாவியை மட்டும் திருப்பி நிறுத்துங்கள். ஒரு சத்தம் வர வேண்டும், கேட்போம்" என்றார். இருவரும் பேசாமல் நின்றோம். எந்தச் சத்தமும் வரவில்லை. அவர் பின்பக்கத்து வலது சக்கரத்தருகே குனிந்து, ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் வண்டியின் அடியில் எதையோ இரண்டு முறை மெதுவாகத் தட்டினார். உடனே டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் வேகமாகத் தொடங்கியது. கார்புரேட்டர்களின் கிண்ணங்கள் நிரம்ப நிரம்ப அது நிதானமாகி, பின் அடங்கிவிட்டது. "இப்போது செல்ஃப் அடியுங்கள்" என்றார். முதல் முயற்சியிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அது பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் மின்சார பம்ப். அதனுள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்டுகள் கருகிப்போனால் பம்ப் இடையிடையே செயலற்றுப்போகும், தட்டினால் அப்போதைக்கு மட்டும் உயிர்பெறும். இது சர்வீஸ் புத்தகத்தில் இல்லாத செய்தி அல்ல. ஆனால் அந்தச் சத்தம் எவ்வளவு வேகமாகத் தொடங்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதை அறிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் காதுக்குப் பழகும். எட்டு மாதங்களாகச் சாவியைத் திருப்பியவுடன் செல்ஃபையும் சேர்த்தே அடித்த எனக்கு, என் வண்டியில் அப்படி ஒரு சத்தம் இருப்பதே அன்றுவரை தெரியாது.

ஆகவே வண்டியைச் சரிசெய்துவிட்டுப் போவது என்ற வரிசையே தலைகீழானது. சரிசெய்யத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். தெரியாதவர் வந்து நிற்பது அவர்களுக்குப் புதிதும் அல்ல. எம்ஜி கார் கிளப் 1930இல் தொடங்கியது, போர்ஷே உரிமையாளர்களின் முதல் கிளப் 1952இல் தொடங்கியது. இத்தகைய அமைப்புகள் எத்தனையோ தலைமுறைப் புதியவர்களைப் பார்த்தவை. ஒன்றும் தெரியாமல் வந்தவர்கள் கற்றுக்கொண்டு, அடுத்து வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததால்தான் அவை இன்றும் இருக்கின்றன.

சேர்ந்தவுடன் நீங்கள் கேட்கப்போகும் முதல் கேள்வியில் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். வண்டியின் ஆண்டையும் சேசிஸ் எண்ணையும் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு குறையைச் சொல்லுங்கள். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை, ஐந்து லட்சத்துக்கும் மேலாகத் தயாரான வண்டி. பெயர் ஒன்று என்றாலும் எல்லாமே ஒரே வண்டி அல்ல. 1964 வரை வந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகள் மூன்று, அதன் பிறகு ஐந்து. 1967 வரை பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அதன் பிறகு அது நெகட்டிவாக மாறியது, டைனமோ இருந்த இடத்துக்கு ஆல்டர்னேட்டர் வந்தது. 1974இன் பிற்பகுதியிலிருந்து குரோம் பம்பருக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்து, வண்டியின் உயரமும் கூடியது. நான் என் 1966ஆம் ஆண்டு வண்டியை மனத்தில் வைத்துக்கொண்டு பேட்டரி இணைப்பைச் சொல்லி, அதை நீங்கள் உங்கள் 1972ஆம் ஆண்டு வண்டியில் அப்படியே செய்தால், ஆல்டர்னேட்டர் கருகிவிடும். பழைய உறுப்பினர்கள் பதில் சொல்வதற்கு முன் ஆண்டைக் கேட்பது உங்களைச் சோதிப்பதற்காக அல்ல, இதற்காகத்தான்.

அதேபோல, குறையைச் சொல்லும்போது உங்கள் ஊகத்தைச் சொல்லாமல் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். "கார்புரேட்டர் கெட்டுவிட்டது" என்று நீங்கள் சொன்னால் கேட்பவர்கள் அனைவரும் கார்புரேட்டரைப் பற்றியே பேசுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். "இருபது நிமிடம் ஓடிய பிறகு நிற்கிறது, நிற்கும் முன் திணறுவதில்லை, கால்மணி நேரம் ஆறவிட்டால் கிளம்புகிறது, அதற்கு முந்தைய வாரம் பிளக் மாற்றினேன்" என்று சொன்னால், அனுபவம் உள்ளவர் பாதி வழியை அப்போதே கடந்துவிடுவார். விடை கிடைத்து வண்டி சரியான பிறகு, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். புதியவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. யோசித்து உதவி செய்தவருக்கு அந்த முடிவு தெரியாமலே போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். கடன் வாங்கிய கருவிகளையும் துடைத்து, தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். கருவி என்றதும் நினைவுக்கு வருகிறது: உங்கள் வண்டியின் நட்டுகளும் போல்ட்டுகளும் அங்குல அளவில் இருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் பொருந்துவதுபோலவே தோன்றும், துருப்பிடித்த நட்டாக இருந்தால் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். ஒரு செட் அங்குல ஸ்பானர்கள்தான் நீங்கள் முதலில் வாங்க வேண்டியவை.

கூட்டத்தில் பிறர் வண்டியைப் பார்ப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. என் முதல் கூட்டத்தில் நான் கவனித்த ஒருவர், அடுத்தவருடைய ஜாகுவார் ஈ-டைப்பின் இன்ஜினைக் குனிந்து பார்ப்பதற்கு முன், தம் சட்டைமேல் போட்டிருந்த ஜாக்கெட்டின் உலோக ஜிப்பை ஒரு கையால் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பெல்ட்டின் கொக்கி படாதபடி அரையடி தள்ளியே நின்றார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த ஒரு செயலிலிருந்து நான் கற்றுக்கொண்டது அதிகம். கேட்காமல் கதவைத் திறப்பதும், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று எடுத்த எடுப்பில் கேட்பதும் அங்கே பிடிக்காது. எப்படிக் கிடைத்தது, எவ்வளவு நாளாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவார்கள்.

பழைய வண்டிக் கிளப்புகளில் ஓயாத ஒரு வாதம் இருக்கிறது. வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். எலெக்ட்ரானிக் இக்னிஷன், ஐந்து கியர் பெட்டி போன்றவற்றைப் பொருத்தி நிம்மதியாக ஓட்டலாம் என்பவர்கள் மறுபக்கம். முதல் ஆண்டில் இரண்டு பக்கமும் சாயாதீர்கள் என்பது என் கருத்து. வண்டியை நன்றாக ஓட்டிப் பார்க்காமல் அதில் எதை மாற்ற வேண்டும் என்று தெரியாது, கழற்றிப் போட்ட பாகத்தைத் திரும்பத் தேடுவதும் கடினம். பழமையான வண்டிகளின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா 1966இல் தொடங்கியது. குறைந்தது 30 ஆண்டுகள் கடந்து, அக்கால நிலையிலேயே பேணப்படும் வண்டியைத்தான் அது வரலாற்று வாகனம் என்கிறது. 1989இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டிகளும் அந்த வயதைத் தாண்டிவிட்டன. அவற்றோடு வரும் இளைஞர்களை, வண்டி புதிது என்று ஒதுக்கும் பழைய உறுப்பினர்களை நானும் பார்த்திருக்கிறேன், அது தவறு. உங்கள் வண்டியின் பிறப்பு விவரம் தெரிய வேண்டுமானால், இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் எம்ஜிபிகளின் தயாரிப்புப் பதிவேடுகள் உள்ளன, அவற்றிலிருந்து சான்றிதழ் தருகிறார்கள். என் வண்டி இப்போது சிவப்பு. அது ஆபிங்டன் தொழிற்சாலையை விட்டு வந்தபோது வெளிர் மஞ்சள் என்று அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் அறிந்தேன். அன்று கதவின் உட்புற மூலையில் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன், மஞ்சள் இருந்தது.

மாற்றம் எதுவும் வேண்டாம் என்று சொன்னாலும், பாதுகாப்புக்கு உரியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. கிளப்போடு முதல் பயணம் போவதற்கு முன் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2315 என்றிருந்தால் அது 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. மூன்று இலக்கமே இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், அதில் ஓடவே கூடாது. குறைவாக ஓடும் வண்டிகளில் டயரின் பட்டன் தேயாமல் புதிதுபோலவே இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிப் பிடிமானத்தை இழந்திருக்கும். பெட்ரோல் ஹோஸ்களையும் பாருங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும், சூடான இன்ஜினுக்கு மேலே கசியும் ஒரு ஹோஸ் போதும், வண்டியே எரிந்துபோகும். தீயணைப்பு சிலிண்டர் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் பொருத்திக்கொள்ளுங்கள். வரிசையாகப் போகும்போது முன்னால் போகும் வண்டியைவிடப் பின்னால் வரும் வண்டியை அதிகம் கவனியுங்கள். திருப்பம் வந்தால், பின்னால் வருபவர் உங்களைப் பார்க்கும் வரை நின்றுவிட்டுத் திரும்புங்கள். எல்லோரும் இப்படிச் செய்தால் யாரும் வழிதவற மாட்டார்கள், யாரும் அவசரப்படவும் தேவையில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால் அதையும் மாற்றியாக வேண்டும், கேட்ட கேள்விக்கு என் பதிலின் மையமும் இந்த வேலையில்தான் இருக்கிறது. ஆயிலை மாற்றும்போது பிரேக்கில் புகும் காற்றைப் பழைய முறைப்படி வெளியே எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தருகே படுத்து, ஆயிலும் காற்றும் வெளியேறும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து மூடுவார், மற்றவர் உள்ளே அமர்ந்து பெடலை அழுத்துவார். வெளியிலிருந்து "அழுத்துங்கள்" என்றதும் அழுத்த வேண்டும். பெடல் தரைவரை இறங்கியதும் அங்கேயே பிடித்துக்கொண்டு "இறங்கிவிட்டது" என்று சொல்ல வேண்டும். நிப்பிளை மூடிவிட்டு அவர் "விடுங்கள்" என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். ஒரு நொடி முந்தி எடுத்துவிட்டால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போய்விடும், வேலை முதலிலிருந்து தொடங்கும். இதற்கு அனுபவம் தேவையில்லை, சொன்னதைக் கேட்கும் காதும் பொறுமையும் போதும். குனிந்து படுக்க முடியாத வயதில் உள்ள உறுப்பினர்களுக்கும், வீட்டில் இரண்டாவது ஆள் இல்லாதவர்களுக்கும் இப்படி ஒருவர் கிடைப்பது அரிது.

பெரும்பாலான கிளப்புகள் அவ்வப்போது சேர்ந்து வேலை செய்யும் நாள் ஒன்றை வைப்பதுண்டு. சேர்ந்தவுடன் அடுத்த வேலை நாள் எப்போது என்று கேளுங்கள். வண்டி ஓடாவிட்டாலும் நீங்கள் மட்டும் போங்கள், அழுக்கானால் பரவாயில்லை என்ற உடையில் போங்கள், யாருக்காவது பெடலை அழுத்த ஆள் வேண்டுமா என்று விசாரியுங்கள். நான் இரண்டாவது முறை போனபோது அந்தப் பெரியவருடைய வண்டியில் அப்படித்தான் உட்கார்ந்தேன். நான்கு சக்கரங்களும் முடிந்து எழுந்தபோது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பம்பின் பாயிண்டுகளை மாற்ற அவரே வருவதாகச் சொன்னார்.