கறிவேப்பிலைப் புழு முருங்கையைத் தொடாதது ஏன்?

கேள்வி: எங்கள் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போலத் தோன்றிய புழுக்கள், சில நாட்களில் பச்சை நிறமாகிக் கொழுந்துகளைத் தின்று தீர்த்தன. செடியைக் காப்பாற்ற எண்ணி அவற்றை முருங்கைத் தழையில் விட்டேன். ஒரு வாய்கூடக் கடிக்கவில்லையே, ஏன்? – வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் பார்த்தவை கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களாக இருக்க வேண்டும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்து இலைகளுக்கே உரிய வேதிப்பொருள்களை வாயருகே உணர்ந்தால்தான் இப்புழுக்கள் கடிக்கத் தொடங்கும். அந்தச் சுவை இல்லாத முருங்கை எவ்வளவு தளிராக இருந்தாலும் அவற்றுக்கு உணவாகத் தோன்றாது. பட்டினி கிடந்து இறக்குமே தவிர, தின்னாது. ஆகவே, புழுவுக்கான உணவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தாயுடையது. முட்டையிட வரும் பெண் பூச்சி, முன்னங்கால்களால் இலையைத் தட்டிச் சுவை பார்த்து, சரியான செடி என்று உறுதியான பிறகே ஒவ்வொரு முட்டையாக வைக்கிறது.

முட்டையிலிருந்து வெளிவரும் புழு பெரும்பாலும் முதலில் முட்டை ஓட்டைத் தின்றுவிட்டு, பிறகு இளந்தளிரின் விளிம்பைக் கடிக்கிறது. நான்கு முறை தோலுரித்து வளரும் அது, வாழ்நாளில் உண்பதில் பெரும்பகுதியைக் கடைசிப் பருவத்திலேயே உண்பதால்தான், அதுவரை நன்றாயிருந்த செடி திடீரென மொட்டையானது போலத் தெரிகிறது.

வேறு வண்ணத்துப்பூச்சிகளுக்கு வேறு உணவு. எருக்க இலையைத் தின்னும் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அச்செடியின் நச்சை உடலில் சேர்த்துக்கொள்வதால், சிறகு முளைத்த பின்னும் பறவைகள் அதை விரும்புவதில்லை. இலையையே தொடாமல் மாவுப்பூச்சிகளைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களும் நம் நாட்டில் உண்டு என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

இனி உங்கள் கறிவேப்பிலைப் புழுக்களை இடம் மாற்ற நேர்ந்தால், பூச்சிமருந்து தெளிக்காத எலுமிச்சையிலோ நாரத்தையிலோ, அவை அமர்ந்திருக்கும் இலையோடு சேர்த்து வையுங்கள். வளர்ந்த செடி என்றால் அதுவும் தேவையில்லை. முழு வளர்ச்சி அடைந்த புழு உணவை நிறுத்தி, குடலிலுள்ளதை நீர்த்த எச்சமாக வெளியேற்றிவிட்டுக் கூட்டுப்புழுவாகிவிடும். வேர் நலமாயிருந்தால் செடி மறுபடியும் துளிர்க்கும்.