வெனிசுவேலாவின் விடுதலைத் தளபதி பொலிவார் 1815-லேயே கொல்லப்பட்டிருந்தால் தென் அமெரிக்கா ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றிருக்குமா?

பெற்றிருக்கும். கொஞ்சம் தாமதமாக, வேறு எல்லைக்கோடுகளோடு. ஒரு வரிப் பதில் போதும் என்பவர்கள் இதோடு போய்விடலாம்.

அந்த ஜமைக்கா சம்பவத்தை எங்கோ படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1815 டிசம்பர், கிங்ஸ்டன். பொலிவாரின் பணியாளே இருட்டில் கத்தியோடு வருகிறான். தொங்கு படுக்கையில் அன்று படுத்திருந்தது வேறொருவர். அவர் செத்தார், பொலிவார் பிழைத்தார். படித்தால் யாருக்கும் மனம் அலைபாயும்தான். ஆனால் தெற்கே தனியாக ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1817 தொடக்கத்தில் அர்ஜென்டினாவின் தளபதி சான் மார்ட்டின் ஆண்டிஸ் மலையைத் தாண்டிச் சிலிக்குள் இறங்கி சாக்கபுகோ போரில் ஸ்பெயின் தரப்பை ஜெயித்ததற்கும் பொலிவாருக்கும் சம்பந்தமே இல்லை. (பொலிவார் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பொயாகாவிலும் கராபோபோவிலும் அவர் ஜெயித்த போர்களை நான் மறக்கவில்லை. அவர் இல்லாமல் வடக்கே வேலை இழுத்திருக்கும், பொலிவியாவுக்கு வேறு பெயர் இருந்திருக்கும். ஒத்துக்கொள்கிறேன்.)

உண்மையில் நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. 'இருந்திருந்தால்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு பழைய புண் கிளறும்.

பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. ஆளுக்கொரு தலைப்பில் செமினார். நான் எடுத்தது, 'ரியேகோ கலகம் செய்யாமல் இருந்திருந்தால்'. ரியேகோ ஸ்பெயின் ராணுவ அதிகாரி. மன்னர் ஏழாம் ஃபெர்டினான்ட், கைநழுவிப் போன பியூனஸ் அயர்ஸை (இன்றைய அர்ஜென்டினாவின் தலைநகர்) மீட்பதற்காகக் காடிஸ் துறைமுகத்தைச் சுற்றிப் பெரும்படை ஒன்றைத் திரட்டி வைத்திருந்தார். 1820 ஜனவரி 1 அன்று அந்தப் படையிலிருந்தே ரியேகோ எழுந்து, மன்னரின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்ட 1812 அரசியல் சாசனத்தைத் திரும்பக் கொண்டுவா என்று கொடி பிடித்தார். மார்ச்சில் மன்னர் பணிந்தார். படை கிளம்பவே இல்லை. அடுத்த நவம்பரில் வெனிசுவேலாவில் ஸ்பெயின் தளபதி மொரில்யோ, பொலிவாரோடு போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கட்டித் தழுவிக்கொண்டார். ஆக, அந்தக் கலகம் மட்டும் நடக்காதிருந்தால் ஸ்பெயின் ஜெயித்திருக்கும் என்பது என் வாதம். மூன்று வாரம் ராத்திரி பகலாக எழுதினேன்.

பாதி வாசித்திருப்பேன். பேராசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா. வரலாற்றில் அதெல்லாம் கிடையாது." வகுப்பே சிரித்தது. டிகிரி முடியும்வரை எனக்குப் பெயர் 'மீசை அத்தை'. கல்யாணத்துக்கு வந்த நண்பன் ஒருவன் மேடையிலேயே அப்படிக் கூப்பிட்டான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவர் இன்னொன்றும் கேட்டார். "சரி, இவ்வளவு பேரும் எதில் ஏறிப் போவார்கள்? கப்பல் இருந்ததா?" என்னிடம் பதில் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பதில் எப்படி இருக்கும்? கல்லூரி நூலகத்தில் நல்ல புத்தகமெல்லாம் கண்ணாடி பீரோவில், சாவி அட்டெண்டரிடம், அட்டெண்டர் டீக்கடையில். இதற்கு 750 ரூபாய் காஷன் டெபாசிட் வேறு. படிப்பு முடிந்ததும் திருப்பித் தருவோம் என்றார்கள். நானும் நாலு முறை போனேன். ஒரு தடவை ரசீது கேட்டார்கள், ரசீதோடு போனால் நோ டியூஸ் கேட்டார்கள், அதையும் வாங்கிக்கொண்டு போனால் கேஷியர் லீவு. இன்றுவரை வரவில்லை. சரி, அதை விடுங்கள்.

இப்போது தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. கப்பல் ஏன் வரவில்லை என்று பார்ட்டிக்குப் பதில் சொல்வதிலேயே பாதி நாள் போகும். அதனாலோ என்னவோ, சில வருடங்களுக்கு முன்பு அந்தப் பழைய கேள்வியைத் திரும்ப எடுத்தேன். கப்பல் விஷயத்தில் ஸ்பெயின் பட்ட பாடு சிரிப்பாய்ச் சிரிக்கிறது. 1817-ல் ரஷ்யாவின் ஜார் மன்னரிடம் ஃபெர்டினான்ட் போர்க்கப்பல்களை விலைக்கு வாங்கினார். பலவும் உளுத்துப்போன மரம். அவற்றில் ஒன்று 1819-ல் பெருவுக்குக் கிளம்பி, தாங்காது என்று பாதியில் திரும்பியது. கூடப் போன 'சான் டெல்மோ' ஸ்பெயினின் சொந்தக் கப்பல்தான். அது தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னுக்குத் தெற்கே 644 பேரோடு காணாமல் போனது.

அதைவிடக் கொடுமை 'மரியா இசபெல்'. அதுவும் ரஷ்யச் சரக்கு. 1818-ல் சுமார் 2 ஆயிரம் வீரர்களை ஏற்றிய கப்பல் கூட்டத்துக்குக் காவலாகச் சிலிப் பக்கம் வந்தது. வழியில் 'டிரினிடாட்' என்ற கப்பலின் வீரர்கள் தங்கள் அதிகாரிகளைக் கொன்றுவிட்டு நேராக பியூனஸ் அயர்ஸுக்குப் போய், ரகசியச் சைகைகளை எல்லாம் ஒப்படைத்துவிட்டார்கள். சிலிக்காரர்கள் காத்திருந்து மரியா இசபெல்லைப் பிடித்தார்கள், 'ஓ'ஹிகின்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். 1820 ஆகஸ்டில் சான் மார்ட்டினின் படையைப் பெருவுக்குக் கொண்டுபோன அணிக்கு அதுதான் தலைமைக் கப்பல். ஸ்பெயின் காசு கொடுத்து வாங்கிய கப்பல் ஐயா!

பேராசிரியர் கேட்டது சரியான கேள்வி. சொன்ன பழமொழிதான் தப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் எனக்குப் பழமொழி மட்டும்தான் காதில் விழுந்தது.

என் பழைய வாதத்தில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். ரியேகோ சும்மா இருந்திருந்தாலும், சம்பள பாக்கியிலும் மஞ்சள் காய்ச்சலிலும் நொந்துகிடந்த அந்தப் படையில் இன்னொரு டிரினிடாட் நடந்திருக்கும். பியூனஸ் அயர்ஸ் பக்கம் இறங்குவதற்கு வாகான மான்டவிடியோ துறைமுகமும் 1817 முதல் போர்ச்சுகீசியர் கையில். ஆனால் மீதிப் பாதியை விட மாட்டேன். 1820 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டையில் பியூனஸ் அயர்ஸின் மத்திய அரசே கவிழ்ந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து அந்தப் படையில் பாதி கரையேறியிருந்தாலும், சான் மார்ட்டின் ஆகஸ்டில் பெருவுக்குக் கப்பல் ஏறியிருப்பாரா? உள்ளூர்ச் சண்டைக்குத் திரும்பி வா என்று பியூனஸ் அயர்ஸ் அரசு அழைத்தபோது அவர் மறுத்தது உண்மைதான். ஸ்பெயின் படையே வந்து இறங்கியிருந்தால் அது வேறு விஷயம். பெருவின் தலைநகர் லிமா இன்னும் சில வருடங்களாவது ஸ்பெயினின் வைஸ்ராயிடமே இருந்திருக்கும் என்றுதான் இப்போதும் சொல்வேன்.