ஐரோப்பாவில் லொறிச் சாரதி வேலை: முகவருக்குக் காசு கட்டுமுன் கேட்க வேண்டியவை

அம்மா, திருகோணமலை சீனக்குடாவில் சீமெந்தும் மாவும் ஏற்றி ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கொழும்புக்கு ஓடிப் பழகிய உங்கள் பிள்ளைக்கு ஐரோப்பிய வீதி பெரிய விஷயமில்லை. அங்கே சாரதிகளுக்குத் தட்டுப்பாடு இருப்பதும், போலந்து, லித்துவேனியா கம்பனிகள் வெளிநாட்டவரை எடுப்பதும் உண்மைதான். ஆனால் நம்முடைய இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு போய் இறங்கிய மறுநாளே அங்கே ட்ரக் ஓட்ட விடமாட்டார்கள். பலருடைய காசு கரைவது இந்த இடைவெளியில்தான்.

முதலில் தம்பியின் அனுமதிப்பத்திர அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘சி’ வகுப்பு மட்டும் இருந்தால் அது தனி லொறிக்கு. ட்ரெய்லர் பூட்டிய பிரைம் மூவருக்கு ‘சி.ஈ.’ வேண்டும். ஐரோப்பிய நெடுந்தூர ஓட்டம் பெரும்பாலும் 16.5 மீற்றர் நீள, 40 தொன் ட்ரெய்லர் வண்டியில்தான். சி.ஈ. இல்லையென்றால் முதல் வேலை அதை இங்கேயே எடுப்பது.

அடுத்தது ‘கோட் 95’. சம்பளத்துக்குக் கனரக வாகனம் ஓட்டுகிறவர் எவருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தத் தொழில் தகுதி கட்டாயம். 21 வயது தாண்டியவருக்கு 140 மணிநேர விரைவுப் பயிற்சி, அதன் பின் பரீட்சை. பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணிநேரம். கம்பனி பதிவாகியிருக்கும் நாட்டில் அல்லது வேலை அனுமதி கொடுத்த நாட்டில்தான் வெளிநாட்டவர் இந்த ஆரம்பப் பயிற்சியைப் பெற வேண்டும். ஆகவே கொழும்பிலோ டுபாயிலோ “கோட் 95 சான்றிதழ் எடுத்துத் தருகிறோம்” என்று யாராவது சொன்னால் அந்தக் காகிதத்துக்குப் பெறுமதி இல்லை. ஐரோப்பிய அனுமதிப்பத்திரமும் அங்கே வழமையாக வசிப்பவருக்கே கிடைக்கும். பொதுவாக வருடத்தில் 185 நாள் என்று கணக்கு. நம்முடையதை மாற்றித் தருவார்களா, புதிதாகப் பரீட்சை எழுத வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறு.

ஆகவே முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்: பயிற்சிக் கட்டணம் யாருடையது? பரீட்சை எந்த மொழியில்? முடியும்வரை தம்பிக்கு என்ன வேலை, என்ன சம்பளம்? பயிற்சிக் காசை கம்பனி போட்டால் எத்தனை வருடம் கட்டிவைக்கும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? ஒப்பந்தத்திலும் வேலை அனுமதியிலும் ‘சாரதி’ என்றே இருக்க வேண்டும். ‘களஞ்சிய உதவியாளர்’ என்று இருந்தால் பேசியது ஒன்று, எழுதியது இன்னொன்று.

சம்பளத்தில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். “மாதம் 2000 யூரோ” என்றால் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, நாட்படி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். நாட்படி வண்டி வீதியில் நிற்கும் நாட்களுக்கு மட்டும்; லீவிலோ காய்ச்சலில் படுத்தாலோ வராது. ஓய்வூதியக் கணக்கு பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். லீவில் வீட்டுக்கு வரும்போது டிக்கெட் யார் போடுவது என்பதையும் விடாதீர்கள்.

தம்பி இப்போதே பழக வேண்டிய ஒன்று ஓய்வுக் கணக்கு. அங்கே நாலரை மணிநேர ஓட்டத்துக்கு 45 நிமிட இடைவேளை. அதைப் பிரிக்கலாம், ஆனால் முதலில் 15, பிறகு 30 நிமிடம். முதலில் 30 எடுத்துப் பின்னர் 15 எடுத்தால் செல்லாது. வண்டியில் பூட்டிய டெக்கோகிராப் என்ற பதிவுக் கருவி எல்லாவற்றையும் பதியும், தண்டமும் வரும். நாளொன்றுக்கு 9 மணிநேர ஓட்டம். கிழமைக்கு இரண்டு தடவை 10 வரை போகலாம். 45 மணிநேர வாராந்த ஓய்வை வண்டிக்குள்ளே கழிக்கக் கூடாது. தங்குமிடச் செலவு கம்பனியுடையது. இதைச் சொல்லாத கம்பனியை யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, ஸ்டியரிங் இடப்பக்கம். ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கும்போது நம் சாரதிக்கு இடப்பக்கம் மறைவாக இருக்கும், அங்கே வலப்பக்கம். நேர்முகத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னால் நல்ல சாரதிகளும் தடுமாறுவது இதில்தான்.

முகவரின் உரிம இலக்கத்தை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் சரிபாருங்கள். உரிமம் மட்டும் போதாது. இந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். ஒப்பந்தத்தின் பிரதியோடு போங்கள். காசு கொடுத்தால் நிறுவனத்தின் பெயரில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். “சுற்றுலா வீசாவில் போய் அங்கே மாற்றலாம்” என்ற பேச்சு வந்தால் அத்தோடு எழுந்து வந்துவிடுங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால ஷெங்கன் வீசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், வேலை உரிமையும் வராது.

இந்தக் கிழமை அட்டையின் இரு பக்கப் பிரதியையும் முகவர் தந்த ஒப்பந்தத்தையும் கொண்டு வாருங்கள். கடவுச்சீட்டை மட்டும் யார் கையிலும் கொடுத்துவிட வேண்டாம்.