அதே பிரஸ்ஸில் மறுபடி உட்காரலாமா?

கேள்வி: அம்பத்தூரில் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் என் தம்பி (24) பவர் பிரஸ் (தகட்டை அடித்து வடிவமாக்கும் இயந்திரம்) ஓட்டுகிறான். நான்கு மாதத்துக்கு முன் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. புண் ஆறிவிட்டது, ஆனால் தொட்டாலே சுரீர் என்கிறது, குளிர் பட்டால் வலி தாங்கவில்லை. "உன் கவனக்குறைவுதான். இ.எஸ்.ஐ.யில் இனி ஒன்றும் வராது, அதே மெஷினுக்கு வா" என்கிறார் முதலாளி. அனுப்பலாமா?
- வாசகி, சென்னை

அன்புச் சகோதரி, இப்போதைக்கு அனுப்பாதீர்கள். முதலாளி சொன்ன இரண்டும் தவறு.

முதலில் பணம். சிகிச்சைக் காலத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டிலிருந்து சம்பளத்தில் 90 சதவீதம் வந்திருக்கும். டாக்டர் இறுதிச் சான்று கொடுத்ததும் அது நின்றுவிடும். பலரும் இத்தோடு முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதற்குப் பிறகுதான் நிரந்தர ஊனப் பலன் தொடங்குகிறது. உடனே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனு கொடுத்து மருத்துவ வாரியத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்கு அட்டவணைப்படி 20 சதவீதம். தினச் சம்பளம் 600 ரூபாய் என்றால் 90 சதவீதம் 540. அதில் 20 சதவீதம் 108. மாதம் சுமார் 3,240 ரூபாய், ஆயுள் முழுக்க. முழுச் சம்பளத்தில் வேலைக்குப் போனாலும் இது நிற்காது. வாரியம் குறைத்துப் போட்டால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். கம்பெனி அனுப்பிய விபத்து அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, வேலை நேரத்தில், இயந்திரத்தில் நடந்தது என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுரீர் என்பது அறுபட்ட நரம்பு முனையின் வேலை. அந்த இடத்தைப் பொத்திப் பொத்தி வைத்தால் கூச்சம் கூடும். பஞ்சால் ஐந்து நிமிடம் தேய்க்கட்டும், தினம் நான்கு முறை. அது பழகியதும் துண்டு, பிறகு ஒரு பாத்திரம் அரிசிக்குள் கையை விட்டு அளைவது. ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தட்டினால் ஷாக் அடிப்பது போலிருந்தால் நரம்புக் கட்டியாக இருக்கலாம். கை அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். குளிர் வலி சிலருக்கு வருடக்கணக்கில் தொடரும், கையுறை போட்டுக்கொள்ளட்டும். இறுக்கிப் பிடிக்கும் பலத்தில் கணிசமான பங்கு மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் உண்டு, அவை இருக்கின்றன. பிசியோதெரபியை விடாமல் செய்தால் கை வேலைக்கு வரும். தூக்கம் கெட்டு, பிரஸ் சத்தம் கேட்டாலே நடுங்கினால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அதுவும் இந்தக் காயத்தின் பாகம்தான்.

கவனக்குறைவு என்ற பேச்சை எங்களால் ஏற்கவே முடியாது. ஒரே ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை டைக்குள் (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சுக்குள்) கை போய் வரும்போது ஒரு முறை தப்புவது மனித இயல்பு. கை உள்ளே போக முடிகிறதே, அதுதான் குற்றம். பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸில் (ஃபிளைவீல் என்ற சுழலும் கனச் சக்கரத்தை ஒரு கீ கொண்டு இணைக்கும் வகை) பெடலை மிதித்துவிட்டால் ராம், அதாவது மேலிருந்து அடிக்கும் பாகம், ஒரு சுற்று முழுக்க இறங்கி ஏறித்தான் நிற்கும். நடுவில் நிறுத்த வழியில்லை. அதனால் அதில் லைட் கர்ட்டன் (ஒளிக்கதிரைக் கை மறித்தால் மெஷினை நிறுத்தும் கருவி) மாட்டிப் பயனில்லை. இதைச் சொல்லாமலே பொருத்திக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கீ தேய்ந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ, பிரேக் லைனிங் போனாலோ மிதிக்காமலே இரண்டாவது அடி விழலாம். "டபுள் அடிக்குது" என்று ஆபரேட்டர் சொன்னால் அந்த நிமிடமே மெஷினை நிறுத்தியாக வேண்டும்.

இத்தகைய பிரஸ்ஸுக்கு டையைச் சுற்றி நிலையான கார்டு வேண்டும், தகடு நுழையும் சந்து 6 மில்லிமீட்டருக்கு மேல் இல்லாமல். சிக்கிய பீஸை எடுக்கக் காந்தக் கோலோ இடுக்கியோ தர வேண்டும். பெடலுக்கு மேல் மூடி வேண்டும். இருகை பட்டன் இருந்தால் ஒன்றைக் குச்சி வைத்துக் கட்டிவிடும் பழக்கம் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஒவ்வோர் அடிக்கும் விட்டு அழுத்தினால்தான் ஓடும்படி சர்க்யூட் அமைய வேண்டும். டை மாற்றும்போது மெயினை அணைத்துப் பூட்டி, ஃபிளைவீல் முழுக்க நின்றபின், ராமுக்கு அடியில் முட்டுக்கட்டை வைத்த பிறகே கை வைக்கலாம்.

இவற்றைச் செய்துவிட்டு முதலாளி கூப்பிட்டால், டாக்டரின் தகுதிச் சான்றோடு தம்பி போகட்டும். முதலில் பரிசோதனை, பேக்கிங் போன்ற வேலை கேட்கட்டும். இந்தப் பாதுகாப்புகளைச் செய்ய முதலாளி மறுத்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் கொடுத்தவர் யார் என்று ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது. இன்று அந்தப் பிரஸ்ஸில் வேறொரு பையன் உட்கார்ந்திருப்பான். அதனால் பலன் தொகை வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே எழுதுங்கள்.