பெடல் கழன்று விழுந்தால் யார் பொறுப்பு?

கோவையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் குழு ஒன்றின் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அலுவலகம் போய்வர ஒரு வழிக்கு 9 கி.மீ. தடி டயர் போட்ட ஃபேட் பைக் வாங்கலாமா? (பீளமேடு)

பதில்: அலுவலகம் கடற்கரை மணலில் இருந்தால் வாங்கலாம்.

கேள்வி: மகளுக்குப் புது சைக்கிள் வாங்கிய பத்தாம் நாளே இடது பெடல் கழன்று, அவள் விழுந்து முட்டி சிராய்த்துவிட்டது. 'ஓட்டத் தெரியாமல் ஓட்டியிருப்பாள்' என்கிறார் கடைக்காரர். பில்லில் உள்ள 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியை வேறு காட்டுகிறார். (சிங்காநல்லூர்)

பதில்: பாப்பாவுக்கு இப்போது பரவாயில்லையா அம்மா? அவள் ஓட்டியதில் தப்பில்லை. வண்டியின் பாகங்களைப் பூட்டியவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். வலது பெடலைக் கடிகாரம் சுற்றும் பக்கம் முறுக்கி ஏற்ற வேண்டும். இடது பெடலுக்கு மரை நேர் எதிர். அவசரத்தில் பெடல் மாற்றி மாட்டினாலோ, கோணலாக வைத்து ஸ்பேனரால் அழுத்தினாலோ கிராங்கில், அதாவது பெடல் மாட்டும் தண்டில், உள்ள மரை சீவப்பட்டுவிடும். கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு மேட்டில் எழுந்து மிதிக்கும்போது காலோடு வந்துவிடும். கிராங்க் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மரை வரிகள் மழுங்கி, உலோகத் துருவல் ஒட்டியிருந்தால் அதுதான் சாட்சி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 'புது பெடல் மாட்டித் தருகிறேன்' என்பார். போதாது, கிராங்கையே மாற்றச் சொல்லுங்கள்.

இனி அந்த வரி. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பில் புத்தகத்தில் பிள்ளையார் சுழிக்கு அடுத்தபடியாக எல்லாக் கடைக்காரரும் அச்சடித்து வைத்திருப்பது இதுதான். நாமும் அதைச் சட்டம் என்று நம்பித் திரும்பி வந்துவிடுகிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராமல் விற்பதும் அதே கணக்குதான். கடைக்காரர் அச்சடித்ததால் சட்டம் மாறிவிடாது.

இன்றே கடைக்கு ஸ்பீட் போஸ்டில் புகார் எழுதுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, 2 ஆண்டுவரை அவகாசம் உண்டு. மருந்துச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: 'இன்னும் பத்து நிமிடத்தில் சலுகை முடியும்' என்றதால் ஆன்லைனில் சைக்கிள் வாங்கிவிட்டேன். என் உயரம் 5 அடி 3 அங்குலம், வந்தது 19 அங்குல ஃப்ரேம். சீட்டை இறக்கினால் சரியாகுமா? (வடவள்ளி)

பதில்: சீட் இறங்கும், மேல் குழாய் இறங்குமா? அதன் இரு பக்கமும் கால் ஊன்றி நின்றால் இரண்டு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். ஹேண்டிலும் எட்ட வேண்டும். அளவுப் பட்டியல் அந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கும், நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இது பொருளின் குறை இல்லை, ஆகவே மேலே சொன்ன 30 நாள் விதி உங்களுக்குக் கைகொடுக்காது. திருப்பி அனுப்பக் கெடு இருந்தால் ஓட்டாமல் அப்படியே பெட்டியில் கட்டி அனுப்புங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரம் ஓட்டினாலே உட்காரும் இடம் வலிக்கிறது. ஜெல் கவர் வாங்கலாமா? (கணபதி)

பதில்: என் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன். மெத்தென்ற சீட்டில் எலும்பு அமிழ்ந்து நடுச்சதை நசுங்கும்; தூரம் கூடக்கூட வலிதான் கூடும். முதலில் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும்.

கேள்வி: புது செயின் போட்டும் மிதிக்கும்போது வழுக்குகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (உக்கடம்)

பதில்: இல்லை. பழைய செயினைத் தேயத்தேய ஓட்டியிருப்பீர்கள், அது பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீலின் பல்லையும் தின்றுவிட்டது. ஃப்ரீவீலையும் மாற்றுங்கள். இனிமேல் பள்ளிக்கூட ஸ்கேலை செயின்மேல் வைத்துப் பாருங்கள்: ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்ஜியத்தை வைத்து, அடுத்த பின்னை ஒன்று என்று எண்ணினால் 24-ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 1/8 தள்ளிவிட்டால் இரண்டுக்கும் செலவு.

கேள்வி: தெரிந்தவருக்குத் தெரிந்தவர் நல்ல பிராண்ட் சைக்கிளைக் கால் விலைக்குத் தருகிறார். பில் இல்லை, ஃப்ரேம் நம்பர் தேய்ந்திருக்கிறது. வாங்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: அந்த நம்பர் தானாகத் தேயாது. வாங்காதீர்கள்.