பியானோவில் ஏ மைனர் சிக்ஸ்த் கார்ட்: எஃப்பா, எஃப் ஷார்ப்பா?

ஏ, சி, ஈ சேர்ந்த ஏ மைனர் கார்டுடன் (கார்ட் என்பது ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்கள்) எஃப் சேர்த்தால் ஏ மைனர் சிக்ஸ்த் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. சேர்க்க வேண்டியது எஃப் ஷார்ப், அதாவது எஃப்புக்கு வலப்பக்கம் ஒட்டியுள்ள கறுப்புக் கட்டை. குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான்: அதிலுள்ள 'மைனர்' கார்டைக் குறிக்கிறது, ஆறாம் சுரத்தை அல்ல. ஆறாம் சுரம் மேஜர் சிக்ஸ்த். ஏயை விட்டு, அடுத்த கட்டையிலிருந்து கறுப்பு, வெள்ளைக் கட்டைகள் எல்லாவற்றையும் எண்ணினால் அது 9 அரைச்சுரம் (ஒரு கட்டைக்கு ஓர் அரைச்சுரம்). எஃப் எட்டிலேயே நின்றுவிடுகிறது.

வலக்கையில் கட்டைவிரல் ஏ, ஆள்காட்டி விரல் சி, மோதிர விரல் ஈ, சுண்டுவிரல் எஃப் ஷார்ப். சுண்டுவிரல் குட்டை என்பதால் கையைக் கறுப்புக் கட்டைகள் பக்கமாகச் சற்று உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள். மணிக்கட்டை முறுக்க வேண்டியதில்லை. ஈயும் எஃப் ஷார்ப்பும் அருகருகே ஒலிப்பதால் லேசாக உரசும். அந்த உரசல்தான் எனக்குப் பிடித்தது.

காதுக்குப் பழக, இடக்கையில் ஏ மைனரைப் பிடித்துக்கொண்டு வலக்கையில் ஏ, ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப் என ஒவ்வொன்றாக இறங்குங்கள். கடைசிப் படியில் கேட்பதுதான் உங்கள் கார்ட். ஆனால் எஃப் ஷார்ப்பை அடியில் வைத்தால் அதே நான்கு சுரங்கள் எஃப் ஷார்ப் ஹாஃப் டிமினிஷ்டு என்ற வேறொரு கார்டாகிவிடும். ஆகவே தொடக்கத்தில் அடியில் ஏ இருக்கட்டும்.