இரங்கல் மின்னஞ்சலில் ‘சாலஸ்’ வேண்டாம்

கேள்வி: உடன் பணிபுரிபவரின் தந்தை இறந்துவிட்டார். ஆறுதல் என்பதற்கு மொழிபெயர்ப்புச் செயலி ‘சாலஸ்’ என்று காட்டுகிறது. ‘ஐ கிவ் யூ மை சாலஸ்’ என்று மின்னஞ்சலில் எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். பொருள் புரியும், ஆனால் படிப்பவருக்கு உறுத்தும். எஸ், ஓ, எல், ஏ, சி, ஈ என்ற எழுத்துகளாலான அச்சொல், துயருற்றவர் ஏதோ ஒன்றில் கண்டடையும் ஆறுதலையே பெரும்பாலும் குறிக்கிறது. ‘என்னுடையது, பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவைக்கும் பொருளில் அது வருவதில்லை. ‘ஷீ ஃபவுண்ட் சாலஸ் இன் மியூசிக்’ என்பது இயல்பான வாக்கியம். ஃபைண்ட், டேக், சீக் ஆகிய வினைகளோடும், பின்வரும் ‘இன்’ என்பதோடும் சேர்த்தே இச்சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள்.

‘ஐ கன்சோல் யூ’ என்பதும் பொருந்தாது. கன்சோல் என்பது அழுகிறவரின் அருகிலிருந்து தேற்றும் செயலைச் சொல்வது. உங்களுக்கு வேண்டியது ‘மை டீப்பஸ்ட் கண்டோலன்சஸ்’. உடன் வருந்துதல் என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்த அச்சொல்லை இரங்கல் தெரிவிக்கும்போது பன்மையில்தான் எழுதுவார்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கியாக வேண்டும். சாலஸ் பொதுவாக ‘எ’ சேராமல் வரும் சொல். ஆனால் ஒரு மனிதரோ பொருளோ தானே ஆறுதலாக அமையும்போது ‘எ’ சேரும். அப்போது ‘இன்’ போய் ‘டு’ வரும்: ‘ஹெர் லெட்டர்ஸ் வேர் எ சாலஸ் டு ஹிம்’. கடிதங்கள் பல என்றாலும் சாலஸ் ஒருமையிலேயே நிற்பதைக் கவனியுங்கள். கடிதங்களில் அவர் ஆறுதல் கண்டார் என்றால் ‘இன்’. கடிதங்களே அவருக்கு ஆறுதலாக இருந்தன என்றால் ‘டு’.

கம்ஃபர்ட், சாலஸ், கன்சொலேஷன் மூன்றும் ஒன்றே என்று பொருத்துக வினாவில் கோடு போட்டவருக்கு மதிப்பெண் தந்து அனுப்பிவிடுகிறது நம் தேர்வு முறை. எந்தச் சொல்லோடு எந்த வினை சேரும் என்று அது கேட்பதே இல்லை. அந்தக் குறையை வைத்துத்தான், கட்டணம் வாங்கிக்கொண்டு ‘ஆங்கிலத்தை மெருகேற்றித் தருகிறோம்’ என்போரின் பிழைப்பு நடக்கிறது. எளிய சொல்லை எடுத்துவிட்டுப் பெரிய சொல்லைச் செருகுவதுதான் அவர்கள் அறிந்த மெருகு. ‘ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்று நீங்களே எழுதியிருந்தால், அதன் மேல் அவர்களைக் கைவைக்க விடாதீர்கள்.

நேரில் பேசும்போது சாலஸ் என்று சொல்ல நேர்ந்தால், முதல் அசையை அழுத்துங்கள். இறுதியை ‘லேஸ்’ என்று நீட்டாதீர்கள்.